இரவல் போன ஜாக்கி

வல்லம் வடகாலில் அறுபத்தெட்டாம் வருஷம் ஒரே ஒரு கார் இருந்தது. அதை ஓட்டத் தெரிந்தவன் எல்லப்பன் ஒருவன்தான். அதைப் பற்றிக் கருத்துச் சொல்லத் தெரிந்தவர்கள் ஊர் முழுக்க இருந்தார்கள்.

பழைய கறுப்புக் கார். வல்லக்கோட்டை முருகனுக்கு மொட்டை போட வருகிற குடும்பங்களைச் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து வாடகைக்கு ஏற்றிவரும். திரும்பும்போது எல்லார் தலையிலும் முடி இல்லாததால் பெட்ரோல் கொஞ்சம் மிச்சமாகும் என்று எல்லப்பன் சொல்வான். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். கணக்கு சரியாகத்தானே இருக்கிறது.

கார் ஓடுவதில் ஒரு குறையும் இல்லை. நிற்பதில்தான் அதற்கு விருப்பம் போதாது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் ‘கறக்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்கு மேல் வேறு பலன் கிடையாது. ஆகவே எங்கே நிறுத்தினாலும் பின்சக்கரத்துக்கு ஒரு கருங்கல்லை அண்டக் கொடுப்பான். அந்தக் கல் சீட்டுக்கு அடியிலேயே குடியிருந்து திருப்பதி வரை போய்வந்தது. ஊரில் பாதிப் பேர் அவ்வளவு தூரம் போனதில்லை.

அன்றைக்கு ஆயுத பூசை. முதல்நாள் பெய்த மழையில் ரோடு இன்னும் ஈரமாக இருந்தது. ரோட்டின் இடதுபக்கம் வாய்க்கால். அதில் தண்ணீர் இல்லை, சேறு உண்டு. காரைக் கழுவி, மாலை போட்டு, கண்ணாடியில் பட்டை போட்டு, நாலு சக்கரத்துக்கும் முன்னால் நாலு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. குங்குமம் அடைத்த பூசணிக்காயைச் சுற்றி எல்லப்பனே உடைத்தான். உடைத்த வேகத்தில் அது ரோட்டை ஒரு மெழுகு மெழுகிவிட்டது. பழங்கள்மேல் ஏறவேண்டுமே என்று பின்சக்கரத்துக் கல்லை எடுத்து மறுபடி சீட்டுக்கடியில் போட்டுவிட்டு, காரைக் கிளப்பி மெதுவாக முன்னால் நகர்த்தினான்.

‘பொளிச்’, ‘பொளிச்’, ‘பொளிச்’.

கூடி நின்றவர்கள் நாலாவது ‘பொளிச்’சுக்குக் காத்திருந்தார்கள். அது வரவில்லை.

“அண்ணே, ஒண்ணு எஸ்கேப்பு!” என்றான் நடேசன். எல்லப்பனின் சித்தப்பா மகன். கெட்ட செய்தியை முதலில் சொல்வது யார் என்று ஒரு போட்டி வைத்தால் மூன்று தாலுகாவிலும் அவன்தான் ஜெயிப்பான். “இடதுபக்கத்து பழம் பூசணியில வழுக்கிகினு உள்ள பூட்ச்சு. ஒரு பழம் நசுங்கலைன்னா வண்டி அந்த வருஷத்துல ஒரு ஆள கேக்கும்னுவாங்க.”

“வாய கழுவுடா,” என்றாள் எல்லப்பனின் மனைவி சுந்தராம்பாள்.

எல்லப்பன் எஞ்சினை நிறுத்தினான். ‘கறக்’ என்று இழுத்தான். இறங்கினான். வண்டிக்கு அடியில் போவதற்கு முன்னால் சக்கரத்துக்குக் கல் போட வேண்டும் என்று ஸ்ரீபெரும்புதூர் டாக்ஸி ஸ்டாண்டில் அத்தனை டிரைவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான். இன்றைக்குக் கல் சீட்டுக்கு அடியில் இருந்தது. பழம் காருக்கு அடியில் இருந்தது. அவன் புத்தி பழத்தின் பக்கம் போயிற்று.

வாய்க்காலில் இறங்கி, சரிவில் மல்லாந்து படுத்து, தலையையும் கையையும் காருக்கு அடியில் விட்டான். விரலில் பழம் தட்டுப்பட்டது. பிடித்துவிட்டான்.

அந்த நேரம் பார்த்துக் கார் நகர்ந்தது.

அவசரமில்லாமல்தான் நகர்ந்தது. பூசணிச் சதையின்மேல் ஒரு முழம் வழுக்கியது. இடது முன்சக்கரம் கரையின் விளிம்பைத் தொட்டது. விளிம்பு அப்படியே கழன்று விழுந்தது. சக்கரம் வாய்க்காலில் இறங்கிற்று. காரின் இடது விலா எல்லப்பனின் மார்புமேல் வந்து உட்கார்ந்தது.

நசுக்கவில்லை. சேறு அவனைக் கொஞ்சம் உள்வாங்கிக்கொண்டது. ஆனால் முழு மூச்சு இழுக்க இடமில்லை. பாதி மூச்சுக்கு மட்டும் அனுமதி. பின்சக்கரம் இன்னும் கரைமேல் பூசணியில்தான் நின்றது. இன்னும் ஒரு சாண் வழுக்கினால் அந்தப் பாதியும் ரத்து.

மேலே கூச்சல். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் காரின் விளிம்புக்குக் கீழே ஒரு சாண் உயரத்துக்கு வெளிச்சம்; அந்த வெளிச்சத்தில் கால்கள். மெட்டி போட்ட கால் சுந்தராம்பாள். மண்வெட்டி பட்டுக் கட்டைவிரல் கோணிய கால் நடேசன். மற்றவை ஊர்.

“யோவ்! உசுரோட கீறியா? பேசுய்யா!”

“கீறேன்,” என்றான். அந்த ஒரு சொல்லுக்கே மூச்சு செலவாகிவிட்டது. அடுத்த சொல்லுக்குக் கொஞ்சம் சேர்த்துவைக்க வேண்டியிருந்தது.

“எல்லாரும் வாங்கடா! ஒரே தூக்கா தூக்கிடலாம்! அல்லாரும் ஒண்ணா கை போடு!” நடேசனின் கோணல் கட்டைவிரல் சேற்றில் ஊன்றியது. நிறையக் கால்கள் வரிசைகட்டின. தலைக்குமேல் தகரம் முனகியது. கார் ஒரு விரல் அளவு எழுந்தது. எல்லப்பன் ஒரு முழு மூச்சு இழுத்தான். யாரோ ஒருவன் கால் பூசணியில் வழுக்கியது. கார் திரும்ப வந்து உட்கார்ந்தது. முன்னைவிட அரை விரல் கீழே.

“கைய எடுங்கடா!” என்று கத்தினான். கத்தினதாக அவன் நினைத்தான்; வெளியே ஒரு முனகலாகத்தான் கேட்டது. “தூக்காத… ஒருத்தன் வுட்டா… நான் காலி.”

“கைய எடுங்க!” என்று அதைப் பெரிய குரலில் திருப்பிச் சொன்னாள் சுந்தராம்பாள். அதிலிருந்து அவன் மூச்சால் சொல்வதை அவள் குரலால் சொன்னாள். பதினாறு வருஷத்துத் தாம்பத்தியத்தில் அவன் சொன்னதை அவள் அப்படியே திருப்பிச் சொன்னது அதுவே முதல்தடவை.

“ஜாக்கி கீதே!” என்றாள் அவளே. “பூசையில வச்சிக்கீறோமே! தோ, எடுத்தாரேன்.” மெட்டிகள் வீட்டுப் பக்கம் பறந்தன.

எல்லப்பனுக்குக் காரின் எடையைவிடப் பெரிய எடை ஒன்று இப்போதுதான் மார்பில் ஏறியது.

பூசையில் ஜாக்கி இல்லை.

அவனிடம் இருந்தது பட்டாளத்து லாரியில் கழித்த திருகு ஜாக்கி. கம்பியைப் போட்டுச் சுற்றினால் யானையையும் தூக்கும் என்பான். ரோட்டுக்கு அந்தப்பக்கம் எதிர்வீட்டுத் தச்சன் அமிர்தநாதன், எல்லப்பன் வாயில் அமுதன், போன ஆனி மாசம் வந்து, “எங்க வூட்டு நடுக்கால கறையான் தின்னுட்ச்சு எல்லப்பா, உத்தரம் தொங்குது, ரெண்டு நாளைக்கு ஜாக்கிய குடு, புதுக்கால் செஞ்சி நட்டுட்டு குடுத்துர்றேன்” என்று வாங்கிப்போனான். ஊருக்கெல்லாம் கதவு ஜன்னல் செய்கிற தச்சனுக்குச் சொந்த வீட்டுக்கு ஒரு தூண் செய்ய நேரம் எங்கே? ஒரு மரக்கட்டைமேல் ஜாக்கி, ஜாக்கிமேல் உத்தரம், உத்தரத்துமேல் கூரை என்று அந்த வீடு நாலு மாசமாக நின்றுகொண்டிருந்தது. மாதாவின் கிருபை என்றான் அமிர்தநாதன். மாதாவோடு அந்த ஜாக்கிக்கும் அதில் பங்கு உண்டு.

வண்டிச் சாமானை யாருக்கும் இரவல் கொடுக்கக்கூடாது என்று சுந்தராம்பாள் போன தையிலேயே சத்தியம் வாங்கியிருந்தாள். ஆகவே பூசைக்கு முன்னால் எல்லப்பன் யாருக்கும் தெரியாமல் ஒரு வேலை செய்தான். கொல்லையில் கிடந்த பழைய அம்மிக் குழவியை எடுத்து, நிமிர்த்தி நிறுத்தி, கனமாகச் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி சுற்றி, பூச்சரம் போட்டு, ஸ்பேனருக்கும் கலப்பைக் கொழுவுக்கும் நடுவில் மணைமேல் வைத்தான். சுந்தராம்பாள் அதற்குத்தான் கற்பூரம் காட்டினாள். கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் செய்தாள்.

மெட்டிகள் திரும்பி வந்தன. மூச்சு வாங்க வந்தன.

“தோ வந்துட்சு ஜாக்கி! இன்னாமா கனக்குது!” துணியை அவிழ்க்கிற சரசரப்பு. எல்லப்பன் கண்ணை மூடிக்கொண்டான்.

“அண்ணி,” என்றது நடேசன் குரல், “இது குழவி.”

வாய்க்கால் சேற்றில் ஒரு தவளை மட்டும் தன் அபிப்பிராயத்தைச் சொன்னது.

“யோவ்,” என்றாள் சுந்தராம்பாள். மெதுவாகத்தான் சொன்னாள். அந்த மெதுவைக் கேட்டு எல்லப்பனுக்குக் காருக்கு அடியிலேயே இருந்துவிடலாமா என்றுகூடத் தோன்றிற்று. “ஜாக்கி எங்கய்யா?”

“அமுதன் வூட்டுல… உத்தரத்துக்கு… அடியில.”

“ஓஹோ.”

கரையிலிருந்து ஒரு பிடி மண் உதிர்ந்து அவன் கழுத்தில் விழுந்தது. கார் ‘க்ர்ர்’ என்றது. பின்சக்கரம் ஒரு விரல் நகர்ந்தது. மார்புக்கு வந்துகொண்டிருந்த பாதி மூச்சு கால் மூச்சாயிற்று.

“கல்லு,” என்றான். “சக்கரத்துக்கு… கல்லு.”

சீட்டுக்கடியில் கல் இருந்தது. ஆனால் கதவைத் திறந்தால் கார் அசையும். சுந்தராம்பாள் யோசிக்கவில்லை. கையில் இருந்த குழவியை அப்படியே பின்சக்கரத்துக்கு முன்னால் குறுக்கே வைத்துக் குதிகாலால் ஒரு உதை உதைத்து அண்டக் கொடுத்தாள். சந்தனமும் குங்குமமுமாகக் குழவி டயரைப் பிடித்துக்கொண்டது. கார் நின்றது. இத்தனை வருஷத்தில் அந்தக் காரை அவ்வளவு சொன்னபடி நிறுத்தியது வேறு எதுவும் இல்லை.

அதற்குள் நாலு கால் எதிர்வீட்டுக்கு ஓடின. அங்கே அமிர்தநாதனின் குரல் கேட்டது.

“எடுத்தா கூரை வுழுந்துரும்டா! உள்ள மாதா படம் கீது, எம் பொண்டாட்டி கீறா!”

“எடுக்கலைன்னா எங்கண்ணன் பூடுவாரு!”

எல்லப்பன் கேட்டுக்கொண்டு கிடந்தான். ஒரு பக்கம் ஒரு வீடு, ஒரு பக்கம் ஒரு ஆள், நடுவில் ஒரு ஜாக்கி. அமிர்தநாதன் எந்தப் பக்கம் பார்ப்பான் என்று அவனுக்குத் தெரியவில்லை. தன் வீடாக இருந்தால் தான் எந்தப் பக்கம் பார்த்திருப்பான் என்பதும் தெரியவில்லை. அதை யோசிக்கிற அளவுக்கு மூச்சு இல்லாதது நல்லதாயிற்று.

“மச்சான்! செல்வநாதா! எழுந்து வா!” என்றது அமிர்தநாதன் குரல். செல்வநாதன் என்பவன் அமிர்தநாதனின் மைத்துனன். காஞ்சிபுரம் அரிசி மண்டியில் மூட்டை தூக்குகிறவன். லீவுக்கு அக்கா அன்னபுஷ்பம் வீட்டுக்கு வந்து மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் படுத்திருந்தான். “உத்தரத்துக்கு கீழ வந்து தோள குடு. அன்னபுஷ்பம், ரெண்டு ஒலக்கைய எடுத்து இந்தாண்ட அந்தாண்ட முட்டு குடு. நான் ஜாக்கிய எறக்கறேன். ஏசுவே… தாங்குதா?”

“தாங்குது மாமா,” என்றது நெஞ்சுக்குள்ளிருந்து வந்த ஒரு குரல். “சீக்கிரம் வாங்க.”

டயர் செருப்புப் போட்ட கால்கள் ரோட்டைத் தாண்டி ஓடிவந்தன. அமிர்தநாதன். அவன் முகம் வெளிச்சத்தின் விளிம்பில் தலைகீழாகத் தெரிந்தது. ஒரு கையில் ஜாக்கி, தோளில் சாக்கு நிறைய மரத்துண்டு.

“எல்லப்பா, எங்க வைக்கட்டும்?”

ஒவ்வொரு சொல்லுக்கும் விலை உண்டு. எல்லப்பன் பொறுக்கி எடுத்தான். “தகரத்துல… வைக்காத. மடங்கிக்கும். சக்கரத்துக்கு பின்னால… தடி இரும்பு ஓடும். சட்டம். அதுல.”

“சக்கரத்துக்குப் பின்னால தடிச் சட்டமாம்!” என்றாள் சுந்தராம்பாள்.

அமிர்தநாதன் வாய்க்காலில் இறங்கினான். ஜாக்கியைச் சட்டத்துக்கு நேர் கீழே சேற்றில் நிறுத்தினான். கம்பியைப் போட்டுச் சுற்றினான். ஒரு சுற்று, இரண்டு சுற்று. கார் அசையவில்லை. ஜாக்கிதான் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. சுற்றச் சுற்றச் சேற்றுக்குள் நிதானமாகப் போயிற்று, கிணறு வெட்டுகிறவன் மாதிரி.

“நிறுத்து… பலகை,” என்றான் எல்லப்பன்.

“பலகை!”

“இன்னா பலகை, இப்ப பலகைக்கு எங்க போறது?” என்றான் நடேசன்.

மெட்டிகள் அதற்குள் ஓடிவிட்டன. வீட்டுக்குள் ஸ்பேனரும் கொழுவும் கடப்பாரையும் கலகலவென்று தரையில் கொட்டுகிற சத்தம் கேட்டது. படையல் எடுக்காமல் கருவியைத் தொடக்கூடாது என்று யாரோ ஒரு வயசான குரல் ஆரம்பித்தது. “தொட்டா இன்னா? சரஸ்வதி வந்து கார தூக்குவாளா?” என்று சுந்தராம்பாள் கேட்டதும் அது அடங்கிப்போயிற்று. பூசை மணை வந்தது. தேக்குமரம், கோலம் போட்டது. அமிர்தநாதன் சேற்றை வழித்துவிட்டு மணையைப் பதித்து, அதன்மேல் ஜாக்கியை நிறுத்தினான்.

எதிர்வீட்டிலிருந்து அன்னபுஷ்பம் கத்தினாள்: “இந்தாங்க! தம்பிக்கு முட்டி நடுங்குது!”

“தோ ஆச்சு!”

கம்பி சுழன்றது. இந்தத் தடவை சட்டம் ஜாக்கியின் தலையைத் தொட்டு ‘ணங்’ என்றது. இன்னொரு சுற்று. எல்லப்பனின் மார்பில் ஒரு நூல் அளவு தளர்ந்தது.

“ஏறுது! ஏறுதுடா! அண்ணே, கைய குடு, இஸ்துடறேன்!” நடேசனின் கை உள்ளே நீண்டது.

“வராத!” என்றான் எல்லப்பன். கிடைத்த புது மூச்சு முழுவதையும் அதற்கே செலவழித்தான். “கைய உள்ள வுடாத… அமுதா… கட்டைய வை. ஏற ஏற… கட்டை.”

“எனக்கு சொல்றியா நீ?” என்றான் அமிர்தநாதன். பல்லைக் கடித்துக்கொண்டே சொன்னான். “நாலு மாசமா ஜாக்கிய நம்பி படுத்துகினு கீறவன் நானு. அதும் மேல எனக்கு எவ்ளோ நம்பிக்கைன்னு எனக்குதான் தெரியும். ராத்திரில ஒரு கண்ண தொறந்து வச்சிகினுதான் தூங்கறேன்.” ஒரு சுற்றுக்கு ஒரு தரம் கம்பியை விட்டுவிட்டு, சட்டத்துக்குக் கீழே கட்டைமேல் கட்டையாக, ஒன்று நீட்டாக ஒன்று குறுக்காக அடுக்கினான். இடைவெளிக்கு ஆப்பு செருகினான். மறுபடி சுற்றினான்.

“தம்பி உக்காரட்டுமான்னு கேக்கறான்!” என்றாள் அன்னபுஷ்பம்.

“உக்காந்தான்னா கூரையும் உக்காரும்! ஜெபம் சொல்லச் சொல்லு!”

“சொல்லிகினுதான் கீறான்! நடுவுல உங்களையும் திட்டறான்!”

இன்னொரு சுற்று. இப்போது எல்லப்பனுக்கு முக்கால் மூச்சு வந்தது. மார்புக்கும் தகரத்துக்கும் நடுவில் காற்று நுழைந்தது. அவன் வாழ்நாளில் அதைவிட ருசியான காற்றை, எந்தக் கடற்கரையிலும் சாப்பிட்டதில்லை.

“போதும், இஸ்துடலாம்,” என்றான் நடேசன்.

“இன்னும் ஒரு கட்டை,” என்றான் அமிர்தநாதன். கட்டையை வைத்தான். ஆப்பை எடுத்துச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினான்.

இரண்டாவது தட்டில் மணை புரண்டது.

அவ்வளவு நேரம் தேக்கின் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்த சேறு விட்டுவிட்டது. ஜாக்கி தலைசாய்ந்து, ஒரு குடிகாரனைப் போல நிதானமாகச் சரிந்து, சேற்றில் விழுந்தது. கார் கீழே வந்தது. சுந்தராம்பாள் கத்தின கத்தலுக்கு வல்லக்கோட்டைக் கோயில் மயில்கள் பதில் குரல் கொடுத்ததாக அந்தப் பக்கத்தில் இன்னும் சொல்கிறார்கள். நாலு மைல் தூரம், நடுவில் ஏரி வேறு, ஆனாலும் சொல்கிறார்கள்.

‘டொம்.’

எல்லப்பன் கண்ணைத் திறந்தான். கார் அவன் மூக்குக்கு மேலே நின்றுகொண்டிருந்தது. மார்பைத் தொடவில்லை. அமிர்தநாதனின் கட்டைகள் ஒரு தரம் முனகிவிட்டு அப்படியே நின்றன. பின்சக்கரத்தில் குழவி அசையவில்லை.

“இப்ப இஸ்துங்கடா,” என்றான் அமிர்தநாதன். குரல் அவனுக்கே கேட்காத அளவில் வந்தது. “மெதுவா. கட்டைல கால் படக்கூடாது.”

கணுக்காலைப் பிடித்து இழுத்தார்கள். மெட்டிக் கால்களும் கோணல் கட்டைவிரலும் பின்னால் போயின, வானம் வந்தது. எல்லப்பன் வாய்க்கால் கரையில் மல்லாந்து கிடந்து, வானத்தையே உள்ளே இழுப்பவன் போல மூச்சு இழுத்தான். விலாவில் வலித்தது. வலிக்கிற அளவுக்கு விலா இருந்தது.

ஊர் முழுக்கக் குனிந்து அவன் முகத்தைப் பார்த்தது. நடேசன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அமிர்தநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எல்லப்பா, நீ ஒண்ணும்…” என்று ஆரம்பித்தான்.

“செல்வநாதன்!” என்றான் எல்லப்பன்.

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. அடுத்த கணம் எல்லாருக்கும் ஒரேயடியாகப் புரிந்தது. அமிர்தநாதன் சேற்றில் பாய்ந்து ஜாக்கியைப் பிடுங்கினான். நடேசன் மணையைத் தூக்கிக்கொண்டான். கூடியிருந்த ஊர் முழுவதும் ஒரே ஓட்டமாக எதிர்வீட்டுக்கு ஓடியது. “தாங்கு மச்சான், தாங்கு, வந்துட்டோம்!” என்கிற குரலும், “சேத்த தொடச்சிட்டு வைங்க மாமா, வழுக்கும்!” என்கிற நெஞ்சுக் குரலும், “கீழ கட்டைய அடுக்குங்கடா மொதல்ல!” என்று ஏழெட்டுப் பேர் ஒன்றாகச் சொல்வதும் கேட்டன. காருக்கு அடியில் ஒரு ஆள் போய்வந்ததும் ஊர் முழுக்க ஜாக்கி வேலை தெரிந்தவர்களாகிவிட்டார்கள்.

கரையில் எல்லப்பனும் சுந்தராம்பாளும்தான் மிச்சம்.

அவள் அவன் பக்கத்தில் சேற்றிலேயே உட்கார்ந்தாள். முந்தானையால் அவன் மூக்கில் இருந்த கிரீசைத் துடைத்தாள். துடைப்பதாகச் சொல்ல முடியாது; தேய்த்தாள்.

“குழவிக்கு கன்னத்துல போட்டுகினேன் நானு,” என்றாள்.

“அதான் காப்பாத்திச்சு.”

“பேசாத.”

அவ்வளவு நேரம் இறுக்கி மூடியிருந்த வலது கையை மெதுவாகப் பிரித்தான். எலுமிச்சம்பழம் ஒரு கீறல்கூட இல்லாமல் உருண்டையாக உட்கார்ந்திருந்தது. சுந்தராம்பாள் அதைப் பார்த்தாள். வாங்கினாள். எழுந்தாள். கரைமேல் வைத்துக் குதிகாலால் ஒரே மிதி.

‘பொளிச்.’

எதிர்வீட்டிலிருந்து ‘ஆச்சு, ஏறிட்ச்சு!’ என்று ஒரு சத்தமும், அதன் பின்னாலேயே மூட்டை இறக்குவது போல ஒரு சத்தமும் கேட்டன. செல்வநாதன் உட்கார்ந்துவிட்டான். கூரை உட்காரவில்லை.

மறுவாரமே அமிர்தநாதன் கருவேல மரத்தில் புதுத்தூண் செய்து நட்டான். ஜாக்கி வீடு திரும்பியது. அதற்கு அடுத்த வருஷம் ஆயுத பூசையில் ஸ்பேனருக்கும் கொழுவுக்கும் நடுவில் அதுவே, நிஜமாகவே அதுவே, சந்தனம் பூசி உட்கார்ந்தது. அதன் பக்கத்தில் குழவியும் உட்கார்ந்தது. அதற்கு மட்டும் சுந்தராம்பாள் பூச்சரத்தை இரட்டையாகப் போட்டாள். பூசணிக்காயை உடைக்கும் வேலையையும் அவளே எடுத்துக்கொண்டாள். காருக்கு நூறு அடி தள்ளி, வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் போய் உடைத்தாள்.